பின்பக்கத்துக் கடல்

வீட்டில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் புருஷன் வைத்த பெயர். அந்த வீட்டுக்குள் வந்த எந்தப் பத்திரிகையும் அவள் கைக்குப் போய்விட்டு முழுசாகத் திரும்பியதில்லை. மாமியார் தொடர்கதையை ஆவலாகப் படித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார். கதாநாயகி கதவைத் திறக்கும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாக அடுத்த பக்கத்துச் சோப்பு விளம்பரம் தெரியும்.

"உன் பொண்டாட்டி அந்தப் பொண்ணைக் கதவைத் திறக்கவே விடமாட்டேங்கறா" என்று மகனிடம் முறையிடுவார்.

அப்போது கத்திரி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அதை விட்டு வருஷக்கணக்காகிறது. இப்போது கொலாஜ்தான் தொழில். பழைய பத்திரிகை, கிழிந்த வரைபடம், செடிகொடிப் புத்தகம், தையல் மிஷினோடு வந்த விளக்கத் தாள் என்று எது கிடைத்தாலும் அதிலிருந்து வேண்டியதை வெட்டி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றை அக்கம்பக்கம் ஒட்டி, யாரும் பார்த்திராத ஒரு படமாக்குவாள். புத்தகங்களுக்கு அட்டை செய்து கொடுப்பாள், வாழ்த்து அட்டைகள் செய்வாள். மிச்ச நேரமெல்லாம் தனக்காக.

பின்னறையில் பாதி அவளுக்கு, பாதி மாமியாரின் பீரோவுக்கு. அவள் பக்கத்தில் தட்டையான இழுப்பறைகள். ஒன்றில் வானங்கள், ஒன்றில் நாற்காலிகள், ஒன்றில் கைகள். ஒரு தடவை மாமியார் கைக்குட்டை தேடி அவசரத்தில் தப்பான இழுப்பறையைத் திறந்துவிட்டார். நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் தன்னை நோக்கி நீண்டதைப் பார்த்தவர் ஒரு வாரம் அந்த அறைக்குள் தனியாகப் போகவில்லை.

கத்திரிக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது எதையாவது நன்றாகச் செய்துகொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்பவர் ஒடிந்த கம்பியை நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டே நின்று மழையில் நனைந்திருக்கிறாள். போர்டு எழுதுகிற ஓவியர் 'ழ'வின் வாலைத் தூரிகை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுழித்து முடித்ததைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தவள் தட்டில் விரலால் சுழித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அவள் புருஷன் பல் செட் செய்கிறவர். ஓர் அம்மாள், தன் பழைய முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், புதிதும் அப்படியே வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு அடையாளம் தெரியாது என்று கேட்டிருந்தார். நேராக வைப்பது சுலபம், சாய்த்து வைப்பதுதான் கஷ்டம். அவர் மெழுகில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, அந்தச் சாய்வைப் பிடித்துவிட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, நகைக்கடைப் பெட்டியைப் பார்ப்பதுபோல் கத்திரி அதைப் பார்த்தாள்.

நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சி வைக்கப் போகிறோம், உங்களுக்கு ஒரு சுவர் தருகிறோம் என்று நூலகர் சொன்னவுடனே, என்ன செய்வதென்று அவள் யோசிக்கவே இல்லை. தான் வாய்பிளந்து பார்த்த கைவேலைக்காரர்கள் எல்லோரையும் படமாக்கிவிடுவது. ஆனால் யாருக்கும் முகம் கிடையாது. குடைக்காரர் முழுக்கப் பறவைச் சிறகுகளால் ஆனார். போர்டு ஓவியர் வளைந்து போகிற மலைச் சாலைகளால் ஆனார். புருஷன் வெள்ளைப் பொருள்களின் வரிசையானார்.

ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அது நத்தைக்கு.

நத்தை யாரென்று அவளுக்குத் தெரியாது. அதே ஊரில் இருக்கும் இன்னொரு கொலாஜ்காரர் என்பது மட்டும் தெரியும். ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஒரு புத்தகக் கடைச் சன்னலில், ஒரு காலண்டரில் என்று அந்தப் படங்களைப் பார்த்திருந்தாள். எல்லாமே உள்ளங்கையளவு. ஆளில்லாத சின்னச் சின்ன அறைகள். மூலையில் பெயருக்குப் பதில் காகிதத்தில் வெட்டிய ஒரு நத்தை. வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டரை அவள் கழற்றவில்லை. அதைப் பார்த்துத் தேதி சொல்லி மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவமானப்பட்டதும் உண்டு.

அந்த அறைகளில் எல்லாம் இருந்தது, மாடிப்படி மட்டும் இல்லை. நத்தைக்குப் பரிசாக ஒரு மாடிப்படி கொடுத்துவிட வேண்டும் என்று கத்திரி முடிவு செய்திருந்தாள்.

பழைய பேப்பர் கடைக்காரர் போன் செய்தார். "பயணப் பத்திரிகை ஒரு கட்டு வந்திருக்கும்மா. ரொம்பப் பழசு. வழவழன்னு இல்லாத தாள். உடனே வந்தா நல்லது."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கட்டைப் பிரித்து மேலே இருந்ததைப் புரட்டியதுமே அது கண்ணில் பட்டது. மரத்தாலான மாடிப்படி ஒன்று ஒரு சுற்றுச் சுற்றி மேலே போனது. மேலிருந்து வெளிச்சம் படிப்படியாக இறங்கி வந்தது. அவள் அந்த இதழைத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது அது ஒரு குட்டை முடிப் பெண்மணியின் கையில் இருந்தது.

"அதை நான் பார்த்துட்டிருக்கேங்க" என்றாள் கத்திரி.

"பார்த்துட்டுக் கீழ வெச்சீங்கல்ல. கீழ வெச்சா விட்டாச்சுன்னு அர்த்தம்."

அந்தக் குரலுக்குத் தராசில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது. கத்திரி இதழின் ஒரு முனையைப் பிடித்தாள். பெண்மணி மறுமுனையை விடவில்லை.

கடைக்காரர் இருவரையும் பார்த்தார். போனில் இருவருக்குமே தகவல் சொன்னவர் அவர்தான் என்பதை அந்த நேரத்தில் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "ரெண்டு பேரும் கையை எடுங்க. கிழிஞ்சா எனக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, மொத்தக் கட்டையும் சீட்டுப் போடுவதுபோல் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் போட்டார். மாடிப்படி இருந்த இதழ் அந்தப் பெண்மணியின் பக்கம் விழுந்தது.

"அந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கலாமா? அதுக்கு மூணு தரேன்."

"எனக்கும் அதுல ஒண்ணு வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் யாரோ ஒருவன் வண்டியைக் கோணலாக நிறுத்திக்கொண்டிருந்தான். "டயரை உள்ள திருப்பு. இன்னும். போதும், போதும்" என்று அதட்டினாள். அவன் யாரென்று கேட்காமல் திருப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் கத்திரி அவளுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"நீ சும்மா விட்டுட்டு வந்தியா?"

"என்ன பண்ணச் சொல்றீங்க அத்தை?"

"நானா இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருப்பேன்."

"கிழிச்சா படம் போயிடுமே."

"போகட்டும். அவளுக்கும் கிடைக்காதுல்ல."

அன்றிலிருந்து கத்திரி வேறு மாடிப்படி தேடினாள். வீடு விற்பனை விளம்பரத்தில் இருந்த படிகள் பளபளவென்று பல் இளித்தன. கட்டடக்கலைப் புத்தகத்தில் இருந்தவை நேராக, விறைப்பாக நின்றன. எதை வைத்தாலும் அந்தச் சுற்றும் அந்த வெளிச்சமும் வரவில்லை. காலி இடம் காலியாகவே இருக்க, மற்ற படங்களை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள்.

பக்கத்துச் சுவருக்கு உரியவை ஏற்கெனவே வந்து, சட்டம் போட்டுக் கீழே சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவள் தன் பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தவள் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மூலையிலும் நத்தை.

இவ்வளவு கிட்டத்தில் அவள் அவற்றைப் பார்த்ததில்லை. சுவரும் சுவரும் சேரும் இடத்தில் வெட்டின கோடே தெரியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து எடுத்த நாற்காலிக்கு வேறொரு பக்கத்திலிருந்து எடுத்த நிழல். ஆனால் பிறந்ததிலிருந்தே அதன் நிழல் அதுதான் என்பதுபோல் விழுந்திருந்தது. ஓர் அறையில் மேசைமேல் தந்திக் கம்பமும், இன்னொன்றில் தொட்டிலுக்குள் ஒரு மேகமும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. பொறாமைப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்கு நேரமில்லை, இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

"அவங்க இங்கதான் இருக்காங்க" என்றார் நூலகர். "வண்டியை நிறுத்திட்டு வரேன்னு போயிருக்காங்க."

வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "கிளட்ச்சை மிதி. மிதிக்கச் சொன்னேன், நசுக்கச் சொல்லல." பிறகு ஒரு கார் அணைந்தது. உள்ளே வந்தது ஹாரன்.

"நீங்களா?" என்றாள் கத்திரி, முழங்காலிலிருந்து எழாமலே.

"ஓ, நீங்களா" என்றாள் அந்தப் பெண்மணி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசன்ஸ் வாங்கியிருந்தார்கள். மாணவர் வரத் தாமதமாகும் நேரங்களில், காரின் முன்சீட்டில் மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டுதான் அந்த உள்ளங்கை அறைகளை வெட்டுவாள் என்று பிறகு தெரிந்தது.

டீச்சர் கத்திரியின் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்காமலே முதல் படத்தை வெளியே எடுத்தாள்.

"இது பல்லா?"

"என் வீட்டுக்காரர். பல் செட் பண்றவர்."

"இது ஃபிரிட்ஜ். இது பியானோ கட்டை. இது என்ன, வீடா?"

"ஒரு தெருவே வெள்ளை வெள்ளையா இருந்துச்சு."

"ஒண்ணு சாஞ்சிருக்கே."

"அது வேணும்னே."

டீச்சர் சிரித்தாள். சிரிப்பும் சத்தம்தான். குடைக்காரரை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஓரங்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, கூடத்தில் யாருக்கும் கேட்காத குரலில், "இந்த இறகு ஓரத்தையெல்லாம் எதால வெட்டினே?" என்று கேட்டாள். நீங்கள் நீயாகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"நகம் வெட்டற வளைஞ்ச கத்திரி. அப்புறம் வீட்டுக்காரர் மெழுகு சுரண்டற ஊசி ஒண்ணை அவருக்குத் தெரியாம சுட்டுட்டேன்."

"எனக்கு பிளேடுதான். கத்திரி எனக்கு அடங்காது."

"உங்க நிழலெல்லாம் எப்படிக்கா அவ்வளவு சரியா விழுது?"

"கண்ணாடி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். எந்தப் பக்கத்திலேருந்து என்ன வருதுன்னு பார்க்கிறதுதானே என் வேலை."

"படத்துல ஏன் பேர் போடறதில்ல?"

"பிரேக் போடுன்னு நான் சொன்னா ஒருத்தன் பயந்து போடணும். நான் பொம்மை வெட்டறவள்னு தெரிஞ்சா பயப்படுவானா?"

"சரி, நத்தை எதுக்கு?"

"நாள் பூரா எல்லாரும் வேகமாப் போறதையே பார்க்கறேன். மெதுவாப் போற ஒண்ணையாவது பார்க்கலாமேன்னுதான்."

பிறகு, கத்திரி தன் சுவரில் படங்களை மாட்டியதும், காலியாக விட்டிருந்த இடத்தைக் காட்டி, இங்கே என்ன வரும் என்று டீச்சர் கேட்டாள். கத்திரி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லிவிட்டாள். நத்தையை ரொம்ப நாளாகப் பார்த்து வருவதையும், காலண்டரையும், மாடிப்படியையும்.

டீச்சர் எழுந்து போய்த் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுல கூடவா மாடிப்படி வைக்கல?"

"ஒண்ணுல கூட இல்லக்கா."

"எங்க வீட்டுல மாடி கிடையாது. எனக்குத் தோணவே இல்ல பாரு." அவள் தன் குட்டை முடியைக் கோதிக்கொண்டாள். "எனக்காகவா அன்னிக்கு அப்படிப் பிடிச்சு இழுத்தே?"

"அதை வெட்டிட்டீங்களா?"

"படிக்கட்டை யாரு பார்த்தா? நான் அதுக்குப் பின்பக்கத்துல இருந்த கடலுக்காகத்தான் எடுத்தேன். ஒரு கட்டிலுக்கு அடியில வைக்கணும். இன்னும் வெட்டல."

ஒரே தாள். ஒரு பக்கம் படி, மறுபக்கம் கடல். படியை வெட்டினால் கடல் நடுவே சுருள் சுருளாகக் கிழியும். கடலை வெட்டினால் படி பாதியோடு நிற்கும். இந்தத் தொழிலில் இது தினமும் நடக்கிற கொடுமை. ஒன்றை எடுத்தால் அதன் முதுகில் இருப்பதை விட்டுவிட வேண்டும்.

"ஜெராக்ஸ் எடுத்துக்கலாமே" என்றார் நூலகர், உதவி செய்கிற எண்ணத்தில்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"தாளை ரெண்டா உரிக்கலாம்னு எங்கியோ படிச்சேன்" என்றாள் டீச்சர். "ரெண்டு பக்கமும் துணியை ஒட்டி, ஆளுக்கொரு பக்கமா இழுத்தா நடுவுல பிரிஞ்சு வருமாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் இதழோடு வந்து சேர்ந்தாள். மாமியார் சண்டைக்குத் தயாராகக் கதவருகே நின்றிருந்தார்.

"நீங்கதான் என் மருமக கையிலேருந்து புஸ்தகத்தைப் பிடுங்கினவங்களா?"

"ஆமாம்மா. அவ கீழ வெச்சா."

"கீழ வெச்சா விட்டாச்சுன்னுதானே அர்த்தம்" என்று மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அந்த வீட்டில் கத்திரிக்கு ஆதரவு இல்லை. சத்தமாகப் பேசுகிற இருவரும் சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டத் துணி வேண்டும் என்றதும் மாமியார் பீரோவைத் திறந்து, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்திருந்த தலையணை உறைகளை எடுத்துக் கொடுத்தார்.

மைதாவில் பசை காய்ச்சினார்கள். முதலில் வேண்டாத பக்கங்களில் ஒத்திகை பார்த்தார்கள். ஒன்று கந்தலாகக் கிழிந்தது. ஒன்று துணியோடு மொத்தமாக ஒரே பக்கம் வந்துவிட்டது. "ரொம்பக் காயவிடறீங்க" என்றார் புருஷன், தன் பல் அச்சுகளை நினைத்துக்கொண்டு. "கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பிரிச்சுப் பாருங்க." அடுத்ததில் பாதி வந்தது. அதற்கடுத்தது, ஒரு பக்கம் ஒட்டகமும் மறுபக்கம் ஹோட்டல் விளம்பரமுமாக, அழகாக இரண்டாகப் பிரிந்தது. மாமியார் ஒட்டகத்தைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு நிஜத் தாள். துணிகளுக்கு நடுவில் ஒட்டி அதைக் காயவைத்தார்கள். புருஷன் தொட்டுப் பார்த்துத் தலையாட்டியதும் கத்திரி ஒரு துணியின் முனையைப் பிடித்தாள், டீச்சர் மறுதுணியைப் பிடித்தாள். கடையில் பிடித்ததுபோலவே எதிரெதிரே நின்றார்கள்.

"மெதுவா" என்றாள் டீச்சர். "முதல் கியர்ல போற மாதிரி."

இழுத்தார்கள். உலர்ந்த இலைமேல் யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தம். தாள் நடுவில் பிளந்து, இரண்டு துணிகளிலும் வெள்ளைத் தோலாக விரிந்துகொண்டே வந்தது. கடைசியில், மூலைக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது, கொஞ்சம் சிக்கியது. கத்திரி நிறுத்துவதற்குள் பிய்ந்து வந்துவிட்டது.

வெந்நீரில் ஊறவைத்துத் துணியிலிருந்து எடுத்தபோது வெங்காயச் சருகுபோல் இரண்டு பக்கங்கள் மிதந்தன. கடல் முழுசாக இருந்தது. மாடிப்படியில் உச்சிப் படி மட்டும் இல்லை. அது கடலின் முதுகிலேயே தங்கிவிட்டது.

"என் பக்கம்தான் வந்திருக்கு. கீறி எடுத்துத் தரேன்" என்றாள் டீச்சர்.

"எடுத்தா கடல்ல ஓட்டை விழும்க்கா."

"விழட்டும். எனக்குப் படிக்கட்டு குடுக்கறேன்னு சொன்னவ நீ. முழுசாக் குடு."

"எனக்கு வேண்டாம். கடல்ல கைவைக்க விடமாட்டேன்."

இருவரும் பிளேடை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டார்கள். மாமியார் டீ தம்ளர்களோடு வந்து நின்றார். "அன்னிக்கு ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தீங்க. இன்னிக்கு நீ எடுத்துக்கோ நீ எடுத்துக்கோன்னு தள்றீங்க. எதையாவது ஒண்ணைப் பண்ணுங்க, டீ ஆறுது."

கத்திரி பிளேடை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். இல்லாத படியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னறைக்குப் போய் எதையெதையோ கவிழ்த்துவிட்டு ஒரு சின்னத் துண்டோடு வந்தாள். செருப்புப் போட்ட ஒரு குதிகால். விளம்பரம் ஒன்றிலிருந்து எப்போதோ வெட்டியது. அதை உச்சியில் ஓட்டை விழுந்த இடத்தில் வைத்தாள். யாரோ அப்போதுதான் மேலே ஏறி, பார்வையிலிருந்து மறைகிறார்கள். ஒரு கால் மட்டும் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறது.

டீச்சர் குனிந்து பார்த்தாள். "யாரு அது?"

"உங்க ரூமுக்கெல்லாம் சொந்தக்காரங்க."

டீச்சர் டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போன டீ. மாமியாரிடம் நன்றாக இருக்கிறது என்றாள்.

கண்காட்சிக்கு நினைத்ததைவிடக் கூட்டம். குடைக்காரர் கையில் ஒரு குடையோடு வந்து, தன் படத்தின் முன் நின்று, "இது என்ன பறவைம்மா, கம்பி மாதிரி எலும்பு இருக்கே" என்று கேட்டார். போர்டு ஓவியர் கத்திரி வெட்டியிருந்த மலைச்சாலையின் வளைவை விரலால் காற்றில் இரண்டு தடவை வரைந்து பார்த்து, ஓர் இடத்தில் அவசரப்பட்டிருக்கிறாள் என்று சொன்னார். அவள் ஒத்துக்கொண்டாள். அவசரப்பட்டதுதான். சாய்ந்த பல்லுக்காரம்மாள் தன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, வெள்ளை வீடுகளின் வரிசையில் சாய்ந்திருந்ததைக் காட்டி, "நான்தான்" என்றார்.

மாமியார் நாள் முழுக்க அங்கேயே இருந்தார். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்று, கட்டிலுக்கடியில் கடல் இருக்கும் படத்தையும் படிக்கட்டுப் படத்தையும் மாறி மாறிக் காட்டி, "ரெண்டும் ஒரே தாள். என் தலகாணி உறையால பிரிச்சது" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். ஒட்டகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம்.

டீச்சரின் மாணவர்கள் சிலரும் வந்துவிட்டார்கள். நத்தை யாரென்று தெரிந்துபோயிற்று. அவர்களில் ஒருவன், "இவ்வளவு அமைதியா இருக்கே, நிஜமா நீங்கதான் பண்ணினீங்களா?" என்று கேட்டான். நாளைக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும் என்றாள் டீச்சர். அவன் வழக்கம்போல் பயந்தான். அதில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த மாதம் கத்திரி அவளிடம் கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். நன்றாக ஓட்டவில்லை. டீச்சர் அதில் அவளுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. "படம் ஒட்டறப்ப இருக்கிற கை எங்க போச்சு?" என்று தெருவே கேட்கத் திட்டினாள். மூன்றாவது வாரம், மேம்பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்த கத்திரி, சிக்னலும் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் பிரேக் போட்டாள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் கத்த ஆரம்பித்தன.

"எதுக்கு நிறுத்தினே? நடு ரோடு இது."

கத்திரி கையைக் காட்டினாள். பாலத்தின் தூணில், வருஷக்கணக்காக ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய சுவரொட்டிகள் மழையிலும் வெயிலிலும் உரிந்து தொங்கின. ஒரு கண், அதற்குக் கீழே பாதி எழுத்து, அதற்கும் கீழே எந்தக் காலத்தையோ சேர்ந்த ஒரு மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் சரியாக அந்தக் கண்ணின் இமையில் வந்து முடிந்திருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

டீச்சர் பார்த்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கூடியது.

"ஓரமா எடு" என்றாள். "இடது பக்கம் கண்ணாடியைப் பாரு. இண்டிகேட்டர் போடு. மெதுவா. ஆங்."

கத்திரி காரை ஓரம் கட்டினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் சரியாக நிறுத்தினாள். இருவரும் இறங்கித் தூணுக்கு முன் போய் நின்றார்கள்.